மௌத்து வழி

கண்டக்குழியில் சுற்றுலாக்காரரைக் கயாக் படகில் கூட்டிப்போகும் மஸாஹிமுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும்.

களப்பு கடலில் விழும் முகத்துவாரத்தில், ஓடுகிற நீரும் எதிர்த்து வரும் அலையும் மோதி நுரை கொதிக்கும். அதைக் கடக்க மூன்று வழி. கரையோரம் போனால் உடுப்பு நனையும். பாறைப் பக்கம் போனால் கை உளையும். நடுவால் போகிறதற்கு மீனவர்கள் வைத்த பெயர் மௌத்து வழி. மௌத்து என்றால் சாவு.

கயாக் கம்பனியை நடத்தும், அரைகுறைத் தமிழ் பேசும் கொழும்பு மனேஜரின் காதில் அது 'மவுத்' என்று, வாய்க்கான இங்கிலீஷ் சொல்லாக விழுந்துவிட்டது. அதையே கரையில் நட்ட பலகையில் பெரிசாக எழுதி, சிரிக்கிற வாய் ஒன்றும் கீறி வைத்தான். வருகிறவர்களெல்லாம் அந்த வழியைத்தான் கேட்டார்கள். மஸாஹிம் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை.

இன்றும் இரண்டு பேரைக் கரையோரமாகவே கொண்டுபோய் வந்தான். மனேஜர் பாய்ந்து வந்தான்.

"ஏன் மவுத்தால போகல்ல? பயமா?"

அதுவரை 'சேர்' என்று மட்டுமே கூப்பிட்ட மஸாஹிம் துடுப்பை மணலில் வீசினான்.

"ஓம், பயம்தான்! அதால போய்த்தான் எனக்கு மூத்தவர், எங்கட நானா மௌத்தானார். மையத்தக்கூட, அடக்க ஒரு ஒடம்பக்கூட கடல் தரல்ல. அவர முழுங்கின வாயச் சிரிக்கவா வெச்சிருக்காய்? பல்லையும் கீறு!"