திருப்பி அனுப்பிய தையல் மிஷின்

சவுதியில் அல் கோபாரில் வேலையில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மனைவியோடு சிடியில் பழைய ஆங்கிலப் படம் ஒன்று பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வந்தவன் அயர்லாந்துக் கிராமத்துப் பெண்ணை மணக்கிறான். அண்ணன் தராமல் வைத்திருக்கும் தன் சீர் வந்தால்தான் குடித்தனம் என்று அவள் அடம்பிடிக்கிறாள்.

"நான் சீரே வேண்டாம்னவன். இவ பேராசையப் பாரேன்" என்று சிரித்தேன்.

மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவளோட சாமான்ங்க. கல்யாணத்தன்னிக்கு என் தையல் மிஷினையும் சீர்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அது என் சம்பளத்துல நான் வாங்கினது."

சீர் வாங்காத மாப்பிள்ளை என்று எட்டு வருடமாகப் பெருமையடித்தவன் நான்.

அடுத்த லீவில் மாமனார் வீட்டில் அந்த மிஷினைப் பார்த்தேன். அதன் பலகையில் அவள் பெயர் பெயின்ட்டில் எழுதியிருந்தது. கல்யாணத்தன்று நான் திருப்பி அனுப்பியபோதும் அந்தப் பெயர் அதில் இருந்திருக்கும்.