இது ஆடிட்டு இல்ல, பார்க்கு

பார்க் சூப்பர்வைசர் வேலைன்னா காத்து வாங்கறதுக்குச் சம்பளம்னு நெனைக்கறவங்க, ஒரு வாரம் வந்து என் சாவிக்கொத்தை வெச்சுக்கிட்டுப் பாருங்க.

பொது எடத்துக்குப் பொறுப்பா இருந்து, வர்றவன் போறவன் கிட்டல்லாம் பேச்சு வாங்கின ஜனங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஊரு. பேரு சொன்னா வேலை போய்டும். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஊருக்கு நட்ட நடுவுல பார்க்கு. எடம் நகராட்சியோடது, நான் காண்ட்ராக்ட் ஆளு.

அப்பா மேல சாயாதீங்க

பெஞ்சு போட நகராட்சில நிதி இல்ல. நானே கடை கடையா ஏறி எறங்கி, "ஒரு பெஞ்சு குடுங்க, உங்க வீட்டுப் பெரியவங்க பேரை எழுதிடறோம்"னு கேட்டேன். ஒரு பிரியாணிக் கடைக்காரர் குடுத்தாரு. சாயற பலகைல அவங்க அப்பா பேரு, கைப்பிடில அம்மா பேரு. அது நல்ல வேப்ப மர நெழல்ல அமைஞ்சிடுச்சு. அங்க புடிச்சுது பேஜாரு. தெனம் சாயங்காலம் வந்து, உக்காந்திருக்கறவங்களை எழுப்பி வுடுவாரு.

"அண்ணே, குடுத்துட்டீங்க இல்ல, இனிமே அது எல்லாருக்கும் பொது"ன்னு சொல்லிப் பாத்தேன். முறைச்சாரு. ஒரு நாளு ஒரு ஆளு ஜம்முனு சாஞ்சு உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டு இருந்தான். கடைக்காரர் என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாரு: "நீங்களே பாருங்க சார், எங்கப்பா மேல சாஞ்சுக்கிட்டு, எங்கம்மா மேல தோலைக் குமிச்சு வெச்சிருக்கான்!"

தண்ணி அப்புறம்

அதுவாச்சும் சிரிக்கலாம். இது வயித்தெரிச்சல்.

ஷூ கம்பெனி வேனுங்க காலைல எங்க கேட்டு முன்னாடி தான் வந்து நிக்கும். நாட்றம்பள்ளி பக்கத்துலேர்ந்தெல்லாம் பொம்பளைங்க முதல் பஸ்ல வந்து எறங்கி வேனுக்கு நிப்பாங்க. அவங்களுக்கு அந்த நேரத்துல இருக்கறது எங்க பார்க் கக்கூஸ் ஒண்ணுதான். மோட்டார் எரிஞ்சு போச்சு. தண்ணி இல்லாம நாறிடுச்சு, வேற வழி இல்லாம பூட்டிட்டேன். ஷூ தைக்கிற கஸ்தூரி அக்கான்னு ஒருத்தங்க, வேன் வர்ற வரைக்கும் என்னைத் திட்டறதையே ஒரு வேலையா வெச்சிருந்துச்சு. திட்டினதுல தப்பே இல்ல. அந்தப் பூட்டைப் பாக்கறப்பல்லாம் எனக்கே வெக்கமா இருக்கும்.

நகராட்சி இன்ஜினியரைப் போய்ப் பாத்தேன். "வந்திருக்கறது பார்க்கை அழகுபடுத்தற நிதி. கக்கூஸ் மோட்டாரு அதுல வராதுய்யா. ஃபவுண்டன் வேணும்னா எழுதிக் குடு"ன்னாரு. "மோட்டாரே இல்லாம ஃபவுண்டன்ல இன்னா சார் வரும்?"னு கேட்டேன். ரொம்பப் பொறுமையா சொன்னாரு: "இப்ப ஃபவுண்டனைக் கட்டிக்கலாம், தண்ணி அடுத்த திட்டத்துல வரும்."

தீப்பிடிச்சா எந்தப் பக்கம்

அப்பத்தான் கஸ்தூரி அக்கா வேலை பாக்கற ஷூ கம்பெனி, நாங்க பராமரிக்கறோம்னு பார்க்கைத் தத்து எடுத்துச்சு. அவங்க ஹெச்.ஆர். ஆபீசர் நல்ல புள்ளை தான், ஆனா ஃபாக்டரியைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. நடைபாதைல மஞ்சக் கோடு போட்டாரு. வேப்ப மரத்துல செவப்பு மணல் வாளி மாட்டினாரு. அங்கங்க அம்புக்குறி போட்டு "அவசர வழி"ன்னு போர்டு வெச்சாரு.

"சார், மோட்டாரு?"ன்னு கேட்டேன். "அதுக்குக் காசு எங்க கிட்ட ஷூ வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி தான் குடுக்கணும். அவங்க சென்னை ஆபீஸ் மேடம் வந்து ஜனங்க கிட்ட பேசுவாங்க. தேவைன்னு அவங்க எழுதினா மோட்டார் வரும், இல்லன்னா இல்ல"ன்னாரு. பக்கத்துல வாக்கிங் வந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர் போர்டையே பாத்துட்டு இருந்தாரு: "நாலு பக்கமும் தெறந்து கெடக்கற எடத்துல அவசர வழியாம், அந்த அம்பும் நேரா காவாய்க்குள்ள காட்டுது!"

எட்டு மணி நேரம் தான் மேடம்

மேடம் வந்தாங்க, காலைல வேன் நேரத்துல. "உள்ளதை உள்ளபடி சொல்லுக்கா"ன்னு கஸ்தூரி அக்கா கிட்ட முந்தின நாளே கெஞ்சி வெச்சிருந்தேன். "நாக்கைப் புடுங்கற மாதிரி கேக்கறேன் பாரு தம்பி"ன்னு சொன்ன அக்கா, மேடம் பின்னாடி ஹெச்.ஆர். நிக்கறதைப் பாத்துச்சு. அவ்ளோதான். முதுகு நிமுந்துடுச்சு, கை கட்டிக்கிச்சு.

"இங்க அடிக்கடி வருவீங்களாம்மா?"

"எட்டு மணி நேரம் தான் மேடம். யாரும் கட்டாயப்படுத்தல, விருப்பப்பட்டுத்தான் வர்றோம்."

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

"சுத்தமா இருக்குது மேடம். மாசா மாசம் டெஸ்ட் பண்றாங்க."

அடிப்பாவி, கொழாயே இல்லியே!

"கழிப்பறை?"

"பொம்பளைங்களுக்குத் தனி மேடம். எப்ப வேணா போலாம். சோப்பு கூட இருக்குது."

சோப்பாம்! அக்கா முதுகுக்குப் பின்னாடி என் பூட்டு தொங்குது. ஏதாவது கொறை இருக்கான்னு மேடம் கேட்டாங்க. அத்தனை பொம்பளைங்களும் ஒரே கொரல்ல, "ஒண்ணும் இல்ல மேடம்!" எல்லாம் கம்பெனி பழக்கி வெச்ச பாட்டு. ஷூ வாங்கறவங்க ஆள் அனுப்பி ஆடிட்டு பண்றப்போ இதையே ஒப்பிச்சு ஒப்பிச்சு, வாய் தானா ஓடிடுச்சு. மேடம் சந்தோஷமா காரைப் பாத்து நடந்தாங்க, என் மோட்டாரும் கூடவே போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "யக்கா, இது ஆடிட்டு இல்லக்கா, பார்க்கு!"ன்னு கத்தினேன்.

அக்கா வாயைப் பொத்திக்கிச்சு. அடுத்த நிமிஷம் சாப்பாட்டுப் பையைப் போட்டுட்டு ஓடிப் போய் கார் கதவைப் புடிச்சுக்கிச்சு. "மேடம், சொன்னதெல்லாம் பொய். இங்க பூட்டு. அங்க கம்பெனில லைன் ஓடறப்போ எழுந்தா லைன் சூப்பர்வைசர் மொறைப்பாரு. வீட்டை விட்டுக் கெளம்பினா டீ பிரேக் வரைக்கும் அடக்கிக்கிட்டே தான் மிஷின் மிதிக்கறோம். தண்ணி குடிக்கவே பயமா இருக்குது மேடம்." ஹெச்.ஆருக்கு வேத்து ஊத்துது. முதல்ல ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு மேடம் மெதுவா கேட்டாங்க. அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுச்சு: "கொறை இல்லன்னு சொல்லத்தான் மேடம் எங்களுக்கு டிரெயினிங், கொறையைச் சொல்றது இன்னிக்குத்தான் மொத தடவை!"

கடைசி வரிசை

மோட்டார் வந்திச்சு. பூட்டைக் கழட்டினேன். ஆனா கஸ்தூரி அக்காவைக் காணோம். ஒரு மோட்டாருக்காக ஒரு பொம்பளையோட பொழப்புல மண்ணைப் போட்டுட்டமேன்னு எனக்குச் சோறு எறங்கல. வேன் பக்கம் போய்க் கேக்கவும் தைரியம் இல்ல.

அடுத்த வாரம் பாத்தா, கக்கூஸ்லேர்ந்து முந்தானைல கையைத் தொடச்சுக்கிட்டு வருது அக்கா. புள்ளைக்கு ஜுரம்னு லீவு போட்டிருந்துச்சாம். "யக்கா, கம்பெனில ஏதாச்சும் பண்ணிட்டாங்களா?"ன்னு பதறிப் போய்க் கேட்டேன். "இன்னா பண்ணுவாங்க? ஆடிட்டுல என் மூஞ்சி தெரியக் கூடாதுன்னு கடைசி வரிசைல உக்கார வெச்சுட்டாங்க. லைன்லயே ஃபேன் ஓடறது அங்க மட்டும்தான் தம்பி!"

ஆக, ஜனங்களே, அந்த அக்காவுக்குக் கொறை சொல்றது இப்ப நல்லாவே பழகிடுச்சு, கம்பெனி கேக்குதோ இல்லியோ, தெனம் காலைல மொத கொறை என் மேல தான்.