வெயில் படாத சீட்டு

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கு ஒரு சீட்டு உண்டு. வெயில் படாத ஜன்னலோரம் என்னுடையது. புற்றுநோய் முற்றிவிட்டது, இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்ன பிறகும் வேலைக்குப் போனேன். எல்லோரும் "சரியாப் பூடும்ண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பக்கத்து சீட்டு குமார் மட்டும் ஒருநாள் கேட்டான். "அண்ணே, உனக்கப்புறம் இந்த சீட்டு எனக்குத்தானே?"

பஸ்ஸே திரும்பி அவனை முறைத்தது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பவே உக்காந்துக்கடா" என்று எழுந்தேன்.

கையைப் பிடித்து இழுத்தான். "இன்னாண்ணே அவசரம்? நீ கீற வரைக்கும் உன்னுதுதான்."

அதுவரை நானே என்னைப் போய்ச் சேர்ந்தவனாகத்தான் நினைத்திருந்தேன். இப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். தூங்கி என் தோளில் விழுகிற குமார்தான் தொந்தரவு.