அப்பா திறக்காமல் விட்ட பூட்டு

அப்பா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் கடைசியாக வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். சாவி கேட்டார்கள்.

"அவர் சட்டைப் பையில ஒரு சின்ன சாவி இருக்கும் பாருங்கம்மா. மிஷின்ல அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்குது. லீவு முடியறதுக்குள்ள ஓட்டிப் பாக்கணும்." பேசியவர் சூப்பர்வைசர்.

"வெட்டிட வேண்டியதுதானே?"

"வெட்டலாம்தான். இங்க ஒருத்தர் விட மாட்டேங்கறாரு. நீங்க ஒரு எட்டு வந்துட்டா நல்லாயிருக்கும்."

அப்பா ஃபிட்டர். ஒப்பந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டால்தான் அவருக்கு வேலை. எல்லா வீட்டிலும் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் அவர் தனியாகக் கிளம்புவார். என் பள்ளி விடுமுறை எதிலும் அவர் இல்லை. வீட்டில் இருக்கும்போதும் ரேடியோவைப் பிரித்து மேசையில் பரப்பிக்கொண்டு, அம்மா எது கேட்டாலும் "ம்" என்பார். நான் மின் பொறியியல் முடித்ததும் "இன்ஜினியரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

இந்த விடுமுறையில் மூன்று பேரும் வெளியூர் போவதாக இருந்தது. ஆபீசில் லீவும் வாங்கியிருந்தேன். "இது ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார். பெட்டியில் வந்தார்.

மிச்சமிருந்த லீவில் சாவியோடு நான் கிளம்பினேன்.

"அவங்க மிஷினுக்கு நீ ஏண்டி ஓடணும்?" என்றாள் அம்மா.

"மிஷினுக்கு இல்லம்மா. நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரேன்."

அப்பா தங்கியிருந்த லாட்ஜ் அறையையே எனக்கும் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மேசையின் ஒரு காலுக்கு அடியில் அளவாக மடித்த தகரத் துண்டு. அவர் கைவேலைதான். வீட்டில் என் படிப்பு மேசை கல்லூரி முடியும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனேன். மாட்டுத்தீவனம் தயாரிக்கும் இடம். குழுவினர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டண்ணன் பொண்ணா? வாம்மா, உக்காரு. எதுக்கெடுத்தாலும் பூட்டு போடுவாரு மனுஷன்."

"வாய்க்கு மட்டும் போட மாட்டாரு," என்றார் இன்னொருவர். "நாள் பூரா பாட்டு, கிண்டல். பக்கத்துல உக்காந்தா நம்ம டீ ஆறிப்போயிடும்."

யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் புரியவில்லை. பாட்டு இவர்களுக்கு. "ம்" எங்களுக்கு.

சூப்பர்வைசர் வந்து உள்ளே அழைத்துப் போனார். தீவனம் கலக்கும் பெரிய டிரம். அதன் மெயின் ஸ்விட்சில் சிவப்புப் பூட்டு. எங்கள் தொழிலில் முதல் பாடம் இது: இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் ஸ்விட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை யாரும் ஓட்ட முடியாது.

ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். வெல்டர்.

"நீங்கதான் வெட்ட விடலையா?"

"ஆமாங்க. அன்னிக்கு நான் உள்ள இருந்தேன்."

அப்பா பூட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கேன்டீனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எல்லாரும் அங்கே ஓடினார்கள். அந்தக் களேபரத்தில், வேலை முடிந்தது, டிரம்முக்குள் ஆளில்லை என்று நினைத்து ஒருவர் ஸ்விட்சைப் போடப் போயிருக்கிறார்.

"கையில இருந்த கிரைண்டர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை. வெளிய வந்து பாத்தா, ஒருத்தர் பூட்டைப் பிடிச்சு இழுத்துட்டு நிக்கறாரு. அப்புறம்தான் அண்ணன் விஷயத்தைச் சொன்னாங்க."

"உங்க பூட்டு எங்க போச்சு?"

"எனக்கு ஏதுங்க? வெளியாளுங்களுக்குத் தர மாட்டாங்க. அண்ணன்தான் தன்னோடதைப் போட்டாரு. 'இது தொங்கற வரைக்கும் உன்னை எவனாலயும் மாட்டுத்தீவனமாக்க முடியாதுடா'ன்னாரு."

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஒருவர் பூட்டை நம்பி இன்னொருவர் இறங்கக் கூடாது. அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்யும் நிலையில் வைத்திருந்தார்கள்.

"லீவுதாங்க. ஊர்ல பசங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் வெல்டர். "இதை அவர் வீட்டு ஆள்தான் திறக்கணும்னு உக்காந்துட்டேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்கு?"

"அவர் எங்களோட இருந்த லீவெல்லாம் உங்களோடதுதானே."

"நாங்க குடுக்கலை. எடுத்துக்கிட்டீங்க."

"தெரியுங்க," என்றார்.

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தவில்லை. இவர் இல்லாவிட்டால் அந்தப் பூட்டு என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும். நானும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வேலை முடிஞ்சுதா?"

"கலக்கற பிளேடு ஒண்ணு பாக்கி."

"அதை அடுத்த லீவுல பாத்துக்கலாம்மா, இப்ப..." என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கலை."

சாவி தடையில்லாமல் திரும்பியது. எண்ணெய் விட்டு வைத்திருந்திருக்கிறார். பூட்டையும் சாவியையும் வெல்டர் கையில் வைத்தேன்.

"நீங்க மாட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் மாட்டினார்.

"மிஷினை ஓட்டத்தானேம்மா உங்களை வரச் சொன்னோம்?" என்றார் சூப்பர்வைசர்.

"இவர் வெளிய வந்ததும் ஓட்டுங்க. அதுக்குள்ள போய் மத்தவங்களுக்கும் ஆளுக்கொரு பூட்டு வாங்கிட்டு வாங்க. ஹார்டுவேர் கடை திறந்துதான் இருக்கு, வரும்போது பாத்தேன்."

அவர் நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் போனார்.

வெல்டர் டிரம்முக்குள் இறங்கினார். நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். லீவு இன்னும் இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது. உள்ளே வெல்டிங் வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது.

"இருக்கீங்களா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்" என்றேன்.