முதலில் மெயின், பிறகு இன்ஜின்

பக்கிரிசாமி அண்ணன் லோரியை நிறுத்தும் அழகே தனி. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை சீட்டுக்கு அடியில் போகும். பேட்டரியின் மெயின் சுவிட்ச் அங்கே இருக்கும். அதைத் திருப்பி அணைத்த பிறகுதான் ஸ்டாப் கேபிளை இழுப்பார். டீசல் இன்ஜினுக்குக் கரண்டா வேண்டும்? கேபிளை இழுத்தபின் இரண்டு குலுக்குக் குலுக்கி அடங்கும். பிறகு ஹேண்ட்பிரேக், கியர், கடைசியாகச் சக்கரத்துக்குக் கட்டை. பட்டாளத்தில் பதினாறு வருடமும் இதே வரிசைதான். அவருடைய பிரிவில் ஒருமுறை வயர் உரசி வண்டி தீப்பிடித்ததாம். அன்றிலிருந்து, முதலில் மெயின், பிறகு இன்ஜின் என்று எல்லாருக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அது கையில் ஊறிப்போயிருந்தது.

எண்பத்து மூன்றில் பட்டாளத்தை விட்டு வந்தவரைக் குமரப்பன் முதலாளி வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலாளிக்குச் செமினியில் கல் குவாரி, கிள்ளானில் லோரிக் கொட்டகை. ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லோரியை வாங்கிப்போட்டிருந்தார். குவாரிச் சரிவில் அதை இறக்கி ஏற்ற வேறு எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதருக்கு அந்த ஒரு வண்டியால்தான் சோறு. அந்த வண்டி போனால் வேலையும் போச்சு என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நான் தம்புசாமி. கிள்ளானில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். தொழில் தெரியும் என்ற திமிர் அதைவிட அதிகம்.

அந்த லோரியின் டைனமோ செத்துப்போனது. அதற்கு உதிரிச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. போதாக்குறைக்கு, குவாரியோடு பேச ஒரு ரேடியோ செட் வேண்டும் என்றார் முதலாளி. ரேடியோ பன்னிரண்டு வோல்ட்டில் வேலை செய்வது. ராணுவ லோரியோ இருபத்து நான்கு. இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டியது. மற்ற வயர்மேன்களாக இருந்தால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் பன்னிரண்டை உருவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்று வற்றும், மற்றது கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் அந்த ரகம் இல்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடி அலைந்து, டைனமோவுக்குப் பதிலாக மாட்ட, இருபத்து நான்கும் பன்னிரண்டும் தருகிற அல்டர்னேட்டர் ஒன்றைப் பிடித்து வந்தேன். ஒரு முனையில் இருபத்து நான்கு வரும், ஸ்டார்ட்டருக்கு. இன்னொரு முனையில் பன்னிரண்டு வரும், ரேடியோவுக்கும் விளக்குக்கும்.

மூன்று நாள் வேலை. பிடிப்புத் தகட்டை அறுத்து, பெல்ட்டை நேராக்கி, வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து இழுத்தேன். அண்ணன் மூன்று நாளும் என் கூடவே இருந்தார். பட்டாளத்து வயர்களில் எண் பொறித்த தகடுகள் இருக்கும். களிமண் அப்பிக்கிடந்த அவற்றைத் துடைத்துத் துடைத்து வாசித்துச் சொன்னார். மதியம் நாசி லெமாக் சோறு வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரித்தும் வைப்பார்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. மெயினை அணைத்தால் டைனமோவுக்கு ஒன்றும் ஆகாது. அல்டர்னேட்டர் அப்படி இல்லை. ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால், போக வழியில்லாத கரண்ட் அதன் உள்ளேயே பாய்ந்து டையோடுகளைப் பொசுக்கிவிடும். அதனால் மெயின் சுவிட்சையும் மாற்ற வேண்டும். புது மாதிரி சுவிட்சில் கூடுதலாக இரண்டு கால் இருக்கும். மெயினை அணைத்த கணமே அல்டர்னேட்டரைத் தூண்டுகிற சின்ன வயரையும் அது துண்டித்துவிடும். பெட்டாலிங் ஜெயா கடையில் கேட்டதற்கு, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

முதலாளி குதித்தார். "ஒரு வாரமா? நாளைக்கு லோடு இருக்குலா! வண்டி ஓடுதா, இல்லையா?"

"ஓடுது பாஸ்."

"அப்புறம் என்ன?"

பழைய சுவிட்சோடு விட்டுவிட்டேன். சரி, அதிலும் தப்பில்லை. 'அண்ணே, இனிமே மொதல்ல இன்ஜின நிறுத்துங்க, அப்புறம் மெயின்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறந்துபோகவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். வேலை இன்னும் பாக்கி என்று சொல்ல வேண்டி வரும். எல்லாம் பக்கா என்று பத்துப் பேர் முன்னால் அப்போதுதான் மார்தட்டியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

நான்காவது நாள் அல்டர்னேட்டர் கருகியது. பழைய சாமான் அப்படித்தான் என்று சொல்லி வேறொன்றை மாட்டினேன். அது பதினோரு நாள் தாங்கியது. அதற்குள் நான் அந்தச் சுவிட்சை வாங்கப் போனேனா? போகவில்லை. வேறு வேலை வந்துவிட்டது.

அதுவும் கருகியதும் முதலாளி எங்கள் இருவரையும் கொட்டகையில் நிறுத்தினார். "ரெண்டு பேர்ல யாரு?"

"தெரியல முதலாளி. நான் எப்பவும் போலதான் ஓட்றேன்" என்றார் அண்ணன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "இவரு இன்ஜின் ஓடும்போதே மெயின ஆஃப் பண்றாரு பாஸ். அப்படிப் பண்ணா எரியத்தான் செய்யும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம்.

அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா தம்பு? நானா எரிச்சேன்?"

"ஆமாண்ணே."

"சாவிய வச்சிட்டுப் போ" என்றார் முதலாளி. அண்ணன் சாவியை வைத்துவிட்டு, கொட்டகை வாசல் சரிவில் நின்ற லோரிக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறு வாரமே பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் அந்தச் சுவிட்சை வாங்கி வந்து மாட்டினேன். புது டிரைவர் ஒழுங்கு கிழுங்கு தெரியாதவன். நினைத்த நேரத்தில் மெயினைத் திருப்புவான். லோரியை விற்கும் நாள்வரை எதுவும் எரியவில்லை. எனக்கு நல்ல பெயர்.

கிள்ளான் லோரிக் கொட்டகைகளில் பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும்? வண்டியை எரிக்கிற டிரைவர் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். யாரும் சாவி கொடுக்கவில்லை. கடைசியில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார், லைசென்ஸைக்கூடப் புதுப்பிக்கவில்லையாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது வருடம் நன்றாகத் தூங்கினேன்.

தொண்ணூற்றிரண்டில் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை ஒன்றுக்கு வேலையாகப் போனேன். லோரிகளுக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார் அவர். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "தம்பு! ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாலா!" என்றார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டின் பின்கட்டு. அவருடைய மனைவி வீரம்மா, நான் வயர்மேன் என்று கேட்டதும், அடுப்படி பிளக்கில் பொறி பறப்பதாகச் சொன்னார்.

"பாத்துர்றேன் அக்கா. அண்ணே, மெயின கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

மெயின் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே பண்ணிடு தம்பு. என் கை சரியில்ல."

"அதத் தொடவே மாட்டாரு. வீட்டுல ஒரு லைட்டகூட நான்தான் ஆஃப் பண்ணணும்" என்றார் வீரம்மா.

அங்கேயே சொன்னேன். புது சுவிட்ச், சின்ன வயர், நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். "உங்க மேல தப்பே இல்லண்ணே. எரிச்சது நான்."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார். "விடு தம்பு. எனக்காக இப்படியெல்லாம் சொல்லாத."

"அண்ணே, சத்தியமா."

"பாத்தியா வீரம்மா? நான் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு இத்தன வருசம் கழிச்சு வந்து பழிய தன் தலையில போட்டுக்குறாரு. இப்படி ஒரு ஆளு கெடைக்குமா?"

மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் கையை அவரே குற்றவாளி ஆக்கி வைத்திருந்தார்; என் பேச்சை வைத்து அதை மீட்க முடியவில்லை. பிளக்கை மாற்றிக் கொடுத்தேன். மெயினை நானே போட்டேன். புறப்படும்போது வீரம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு, "தங்கமான மனசு உங்களுக்கு" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.