மண்ணிறக் கரி

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மூக்குப்பொடி டப்பா கிடக்கிறது. அதற்குள் விரல் நீளக் கரித்துண்டு ஒன்று. கரி என்றாலும் கறுப்பில்லை, மண்ணிறம். வெள்ளவத்தைக்குள்ளேயே மூன்று தடவை வீடு மாறினேன். மூன்று தடவையும் அது கூடவே வந்தது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பெற்றோல் அருகிப்போக, கொழும்பு லொறிகள் முதுகில் ஓர் உலையைச் சுமந்துகொண்டு அதில் கரி எரிந்து வரும் வாயுவில் ஓடின. இரசாயனம் படித்த நான், கொட்டாஞ்சேனையில் ஒரு லொறிக் கொம்பனியின் கரிச்சூளைக்குப் பரிசோதகனாகப் போனேன். சூளையை எரித்தவர் அந்தப் பகுதிக் கத்தோலிக்கர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சூளைக்காரர் என்றே எல்லோரும் அழைத்தோம். றப்பர் விறகை அடுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு தீ வைப்பார். வெள்ளைப் புகை நீலமாகி, நீலமும் மெலிந்து மறையும்வரை காற்றுவழிகளை அடைக்கமாட்டார். ஆறிய கரியைச் சீமெந்துத் தரையில் போட்டுப் பார்ப்பார். கண்ணாடிபோல ஒலித்தால்தான் லொறிக்கு.

நான் தராசை நம்பினேன். ஐந்நூறு பாகைவரை சூடேறினால் விறகின் பெரும்பகுதி புகையாய்ப் போகிறது. முந்நூறோடு அடைத்தால் கரி நிறைய மிஞ்சுகிறது. ஆகவே காற்றுவழிகளை முன்கூட்டியே அடைக்கச் சொன்னேன்.

"சேர், இது கரியில்லை, வெயிலிலை கறுத்த விறகு. உங்கட வெப்பமானிக்கு மூக்கில்லைத்தானே! எனக்குத் தார் மணக்குது," என்றார் சூளைக்காரர்.

"சொன்னதைச் செய்யுங்கோ," என்றேன்.

கனம் கூடியது, அந்தக் கனத்துக்குள் இருந்த சூடு குறைந்தது. நன்றாக வெந்த கரியில் ஓர் இறாத்தல் தரும் சூட்டை இது தராது என்பது நான் பரீட்சைக்கே எழுதிய விடைதான். வெளியேறாமல் தங்கிய தார் எஞ்சினை என்ன செய்யும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த வாரமே அரிசி ஏற்றிய லொறி ஒன்று ஏற்றத்தில் இழுக்கமாட்டாமல் நின்றது. வால்வுகள் தாரில் ஒட்டிப்போயிருந்தன.

மனேஜர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். "நேரத்துக்கு முதல் அடைச்சது ஆர்?"

சூளைக்காரர் என்னைப் பார்த்தார். அவரே சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

"அடைக்கிறது அவரின்ர வேலை," என்றேன். பொய்யென்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போகும்போது இந்த மண்ணிறக் கரித்துண்டை என் கையில் வைத்தார். "வச்சிருங்கோ சேர். எரிச்சுக் கிரிச்சுப் போடாதேங்கோ, புகைக்கும்."

மறுவாரம் சூளையை ஐந்நூறுக்கே ஏற்றச் சொன்னேன். கரி கண்ணாடியாய் ஒலித்தது. மனேஜர் என்னைப் பாராட்டினார். சூளைக்காரரைப் பார்க்க இரண்டு முறை புறப்பட்டுப்போய், இரண்டு முறையும் அவர் தெருத் திருப்பத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பிறகு போகவில்லை.

நேற்று மகள் இழுப்பறையைத் துப்புரவாக்கினாள். "அப்பா, கரியெண்டால் கறுப்பெல்லே? இது ஏன் இப்பிடி?"

வாங்கித் தரையில் போட்டேன். மரக்கட்டைபோல மொத்தென்று விழுந்தது.

"சூளையை நேரத்துக்கு முதலே அடைச்சிட்டினம்."

"ஆர் அடைச்சது?"

"நான்தான் அடைக்கச் சொன்னனான்."

அவள் "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் துடைக்கத் தொடங்கினாள்.