217-ஆம் கார்டு

"கனவு கண்டிருப்ப" என்று இரண்டு பேர் அண்ணியிடம் சொன்னார்கள். அண்ணி கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்து அவர்கள் மடியில் போட்டார். மணி, நிமிடம், விநாடி எல்லாம் அதில் இருந்தன. படித்த பிறகு அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அண்ணி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அண்ணிக்குத் தரவுத்தள வேலை. கம்பெனிகளின் பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுப்பார். பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். போன வருடம் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கே ஆறு அறைகள். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. போகும்போதும் வரும்போதும் கதவில் கார்டைக் காட்ட வேண்டும். காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பழைய முறையில் நுழைந்த நேரம் ஒரு கட்டத்திலும் வெளியேறிய நேரம் இன்னொரு கட்டத்திலும் இருந்தன. புதிய தரவுத்தளத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே 'நேர வீச்சு' ஆக்கிவிடலாம். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, அவ்வளவுதான். ஆள் இன்னும் உள்ளே இருந்தால் வீச்சின் மறுமுனை திறந்தே கிடக்கும். கூடவே ஒரு விதியும் போடலாம்: ஒரே கார்டு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. மீறி ஒரு வரி வந்தால் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளவே கொள்ளாது.

அன்று சனிக்கிழமை. பண்டிகை என்பதால் கிடங்குக்கு விடுமுறை. வாசலில் காவலாளி, அலுவலக அறையில் அண்ணி. வேறு ஈ காக்கை இல்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

மதியம் 3:05-க்கு அண்ணி அந்த விதியைப் போட்டார். தரவுத்தளம் மறுத்தது. நான்கு லட்சம் வரிகளில் ஒரே ஒரு கார்டு இடித்தது.

எண் 217. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மதியம் 2:52-க்கு நான்காம் அறைக்குள் போயிருக்கிறது. வெளியே வந்த நேரம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை 8:10-க்கு அதே கார்டு பெரிய வாசலைத் தாண்டியிருக்கிறது.

யாரோ கார்டைக் காட்ட மறந்திருக்கிறார்கள் என்று அண்ணி நினைத்தார். இருந்தாலும் காவலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நாலாம் ரூம்ல யாராவது இருக்காங்களா?"

"அங்க யாரு மேடம் இருக்கப்போறா? அத பூட்டி ரெண்டு வருஷமாச்சு. கரண்டே கிடையாது."

"பழைய பதிவு ஒண்ணு முடியாம நிக்குது. பரவால்ல, நானே முடிச்சுடறேன்."



"எந்த நம்பர் மேடம்?"

"இருநூத்திப் பதினேழு."

போன் கட்டாகிவிட்டது.

கிடங்கில் வேலை முடிகிற நேரம் மாலை ஆறு. வெறுமையாக இருந்த மறுமுனையில் அண்ணி 6:00 என்று தட்டினார். மணி 3:14:20. இந்த முறை விதி ஏறிக்கொண்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

எங்கோ தூரத்தில்...

பீப்.

திரையில் புதிதாக ஒரு வரி. கார்டு 217. நான்காம் அறைக் கதவு. 3:14:21. வெளியே.

ஏதோ கோளாறு என்று நினைத்தார். நான்காம் அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் மூன்று கதவுகள். ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரியோடு ஒப்பிட்டு இடைவெளியைக் காட்டுகிற ஓர் அறிக்கையை அண்ணி காலையிலேயே எழுதி வைத்திருந்தார். அதைத் திறந்தார்.

பீப்.

முதல் கதவு. 3:17:21. இடைவெளி 180 விநாடி.

அறைக்குள் குளிர ஆரம்பித்தது. ஏசி ஓடவில்லை.

பீப்.

இரண்டாம் கதவு. 3:18:51. இடைவெளி 90.

அண்ணி தான் போட்ட 6:00-ஐ அழித்து, அந்த வரியைப் பழையபடி திறந்துவிடப் பார்த்தார். தரவுத்தளம் மறுத்தது. ஒரே கார்டு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. அவரே போட்ட விதி.

பீப்.

மூன்றாம் கதவு. இடைவெளி 45.

பாதி பாதியாகக் குறைகிறது... அப்படியென்றால் அடுத்தது இருபத்திரண்டு.

எண்ணினார். ஒன்று... இரண்டு...

வெளியே காலடிச் சத்தம் இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

இருபது... இருபத்தொன்று...

பீப்.

அலுவலகக் கதவின் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

ஆனால் திரையில்...

அலுவலகம். உள்ளே: 2.

பின்பக்கம் இருந்த அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வெயிலில் போய் விழுந்தார்.

காவலாளி எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். "முடிச்சுட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். அண்ணி தலையாட்டினார்.

அரை மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். யாரும் இல்லை. அண்ணி உட்கார்ந்திருந்த நாற்காலியின் இருக்கையிலும் சாய்மானத்திலும் மட்டும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது.

அந்த வேலையை அண்ணி அதோடு விட்டுவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. கையில் இருந்த பழைய பிரதியைத் திறந்து அதே வரியைத் தேடினார். அதில் அது திறந்தே இல்லை. சனிக்கிழமை மாலை 6:00-க்கே முடிந்திருந்தது. அந்த 6:00-ஐப் பதிந்தது கதவு அல்ல, அலுவலகக் கம்ப்யூட்டர். அப்படியென்றால் புதிய தரவுத்தளத்தில் அதைத் திறந்தது யார்? இன்றுவரை தெரியவில்லை.

மிச்சத்தைக் காவலாளிதான் சொன்னார். 217 ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் கார்டு. அன்று உள்தாழ்ப்பாள் இறுகிப்போய், அவரால் வெளியே வர முடியவில்லை. கிடங்கைப் பூட்டும் நேரத்தில் மேலாளர் பட்டியலைப் பார்த்திருக்கிறார். ஒரு வரி முடியாமல் நின்றது. கார்டைக் காட்ட மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்து, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே 6:00 என்று போட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை 8:10-க்கு வாசலைத் தாண்டியது ஸ்ட்ரெச்சர். அவர் சட்டைப் பையில் இருந்த கார்டை வாசல் கருவி படித்திருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா மேடம்?" என்று கேட்டார் காவலாளி.

"அன்னிக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் உயிர் இருந்திருக்குதாம்."